காகிதம் வந்திருந்தது, அம்மா

சென்ற திங்கட்கிழமை காலை, முட்டைக் கிடங்கின் கேட்டை ஒரு லாரிக்குத் திறந்துவிட்டு நின்றபோது என் போனில் ஒரு படம் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. படத்தின் கீழே என்ன போட்டிருந்தார்கள் என்று தெரியாது. ஆனால் படத்தில் இருந்தது கோமதி அம்மாவின் முகம். முகத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது?

லாரி டிரைவர் இறங்கி வந்தார். "என்னுங்கண்ணா, இப்படி நிக்கறீங்க? யாரு?"

"எங்க மேடமுங்க."

"சொந்தமுங்களா?"

சொந்தம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். லாரி உள்ளே போய்த் திரும்பி வெளியே வந்த பிறகும் கேட்டை மூடத் தோன்றவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் வசந்தி. அம்மாவிடம் படித்தவர். இன்று அம்மா நின்ற மேசையிலேயே நின்று பாடம் நடத்துகிறவர். கல்லூரியில் அம்மாவுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார். நாலு வார்த்தையில் முடிகிற சங்கதி இல்லை என்னுடையது. அம்மாவுக்குத் தெரியாமல் போன ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை அச்சில் போட்டால்தான் என் மனசு ஆறும் என்றேன். சரி என்றார்.

அம்மாவைத் தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

கோமதி அம்மா ராசிபுரத்தில் பட்டுத்தறி போட்டிருந்த குடும்பத்துப் பெண். சென்னையில் பெரிய படிப்புப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்பா திடீரென்று போய்விட, சர்க்கரை வியாதியோடு தனியாக இருந்த தாயாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினார். எங்கள் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு, "ஒரு வருசம் இருந்துட்டுப் போயிருவனுங்கண்ணா" என்று என்னிடம் சொன்னார். இருபத்து நாலு வருடம் இருந்தார்.

சேர்ந்த அன்றே அவருடைய பட்டம், மார்க் பட்டியல் எல்லாவற்றையும் ஆபீஸில் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். தனியார் கல்லூரிகளில் அப்போது அதுதான் வழக்கம். போகிறவர் மூன்று மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் வருடக் கடைசியில். அப்படிக் கொடுத்தால்தான் பீரோ திறக்கும். "என்ற பட்டமெல்லாம் ஜெயில்ல இருக்குதுங்கண்ணா. நான் ஜாமீன்ல வெளிய சுத்தறேன்" என்று அம்மா சிரிப்பார்.

நான் அவருடைய ஆய்வகத்தில் அட்டெண்டர். பேர் நாச்சிமுத்து. அதற்கு முன்னால் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போர்வெல் கிணறு போட்டேன். பிறகு சில வருடம் கோழிப்பண்ணையில் இருந்தேன். கல்லூரி வேலைக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்றார்கள். எட்டு முடித்தவன் என்று யாரோ சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். என் பேரை மட்டும் கோலம் போடுகிற மாதிரி வரையப் பழகியிருந்தேன். அவருடைய காகிதங்கள் பீரோவுக்குள் இருந்தன. எனக்குக் காகிதமே இல்லை. இரண்டு பேருமே அந்த இடத்தை விட்டு நகர முடியாதவர்கள்தான்.

எழுத்துத் தெரியாமல் ஆய்வகத்தில் எப்படிக் காலம் தள்ளினேன் என்று கேட்பீர்கள். ஞாபகம்தான். எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எத்தனையாவது பாட்டில், மூடி என்ன நிறம், உள்ளே இருப்பது கட்டியா தண்ணீரா, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் புதுச் சரக்கு வந்தது. எல்லாப் பாட்டிலும் ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. அம்மா கேட்ட பாட்டிலுக்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாணவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள்.

"அடடே, நாந்தான் மாத்திச் சொல்லிட்டனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவரே எழுந்துபோய் எடுத்து வந்தார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் பாட்டில்களில் எழுத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் படம் ஒட்டியிருந்தது. ஒன்றில் மயில், ஒன்றில் தேங்காய், ஒன்றில் சேவல். மாணவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "மேடம், இதென்ன எல்.கே.ஜி.ங்களா?" என்றான் ஒருவன். "எனக்குக் கண்ணாடி மாத்தோணும்ப்பா. அது வரைக்கும் படம்தான்" என்றார் அம்மா. அன்றிலிருந்து, "அண்ணா, சேவலைக் கொண்டாங்க" என்பார். நான் சேவலைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கண்ணாடியை மாற்றவும் இல்லை, படத்தை எடுக்கவும் இல்லை.

ஒரு மத்தியானம் யாரும் இல்லாத சமயம் பார்த்து, "தினம் பத்து நிமிசம் உக்காருங்கண்ணா, நான் எழுத்துச் சொல்லித் தாரேன்" என்றார்.

"வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"இப்பப் படிச்சனா, இத்தனை நாளு படிக்காம இருந்தது வெளிய தெரிஞ்சு போயிருமுங்க."

அம்மா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அன்று நான் உட்கார்ந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

அம்மாவின் தாயாருக்குக் காலில் ஒரு புண் வந்தது. செருப்புக் கடித்த புண். மாதக் கணக்கில் ஆறவில்லை. சேலத்தில் வைத்துக் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதத்தை எடுத்தார்கள். கல்லூரி முடிந்ததும் அம்மா ஓட்டமாக ஓடிப் பஸ் பிடிப்பார். கட்டு மாற்ற வேண்டும். அந்தப் புண்தான் அவரை ஊரில் கட்டிப்போட்டது. அதைத்தான் அவர் ஆராய்ச்சிக்கும் எடுத்துக்கொண்டார்.

என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். மேசையைத் துடைக்கிறவனுக்கு எதற்கு என்று நினைக்காமல் சொன்னார்.

"உடம்புல எங்க அடிபட்டாலும் அந்த இடம் சும்மா இருக்காதுங்கண்ணா. கூப்புடும். ரத்தத்துல ஓடிட்டு இருக்கற வெள்ளை அணுவுங்க அந்தக் கூப்பாட்டைக் கேட்டு, ரத்தக் குழாயை விட்டு வெளிய ஏறி வந்து கிருமியைத் தின்னும். அந்தக் கூப்பாட்டுக்குப் பேருதான் கெமோகைன்."

"சத்தமுங்களா?"

"சத்தமில்லாத சத்தம். ஒரு புரதம். எங்கம்மா காலு கூப்புடுது, அணுவுக்குக் காது கேக்கலையா? இல்ல, காலு கூப்புடறதே இல்லையா? அதைத் தெரிஞ்சுக்கோணும். அதுக்கு என்ற கையில தப்பில்லாத ஒரு கூப்பாடு வேணும். எங்கம்மா அணுவையும் என்ற அணுவையும் ஒரே கூப்பாட்டுல கூப்புட்டுப் பார்க்கோணும்."

அதை வெளிநாட்டில் ஒரு கம்பெனி செய்து விற்கிறது என்றார். மனிதன் உடம்பில் இருக்கிற புரதம்தான், ஆனால் மனிதனிடம் இருந்து எடுத்தது இல்லையாம். "அதுக்கான மரபு எழுத்தை ஒரு கிருமிக்குள்ள வெச்சுருவாங்க. அது அதைப் படிச்சுச் செஞ்சு குடுத்துரும்."

"கிருமிக்குப் படிக்கத் தெரியுமுங்களா?"

"அதுக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் வேண்டாங்கறீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான், "அதை உங்கம்மா காலுக்கே போட்டரலாமுங்களே" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. "கூடாதுங்கண்ணா. ஆராய்ச்சிக்கு மட்டும்தான். கேட்டுத் தெரிஞ்சுக்கலாம், ஆத்த முடியாது."

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வகத்தில் இருந்து அம்மாவுக்கு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உங்கள் யோசனை நல்ல யோசனை, முதல் சோதனையின் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுங்கள், இடம் வைத்திருக்கிறோம், தாயாரையும் அழைத்து வரலாம், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார்கள். கோடை விடுமுறைக்குள் காட்ட வேண்டும். அம்மா ராஜினாமாக் கடிதம் எழுதித் தன் மேசை டிராயரில் வைத்துவிட்டார். "கூப்பாடு வந்தவொடனே பீரோவைத் தொறக்கச் சொல்லிரலாமுங்கண்ணா" என்றார். ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் நிர்வாகம் ஒத்துக்கொண்டது. அது வர எட்டு மாதம் ஆனது.

வந்தது போகிப் பண்டிகைக்கு முதல் நாள். அம்மா தாயாரோடு சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கூரியர்க்காரர் என் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். உள்ளே ஜெல் பொட்டலங்கள். வழியிலேயே இளகிக் குளுமை மட்டும் மிச்சம் இருந்தது. நடுவில் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஒரு குப்பி, திருகு மூடி போட்டது. கூடவே மடித்த ஒரு காகிதம்.

பெட்டி முழுக்க எழுத்து. எங்கே வைக்கச் சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீஸில் கிளார்க் இருந்தார். கேட்டிருக்கலாம். எட்டாவது படித்த ஆளுக்கு இது தெரியாதா என்று அவர் திருப்பிக் கேட்டால்? நான் கேட்கவில்லை.

கோழிப்பண்ணையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று நன்றாக ஞாபகம் இருந்தது. கோழிக்குப் போடுகிற தடுப்பூசி மருந்தும் இப்படித்தான் ஜெல் பொட்டலத்தோடு வரும். "கீழ்த்தட்டுல வையி. மேல ஐஸ் பொட்டியில வெச்சியின்னா மருந்து செத்துப் போயிரும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்வார். நாமக்கல் பக்கம் பண்ணையில் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் அதையே சொல்வான். நான் பெட்டியோடு கொண்டுபோய்ச் சாதாரண ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பத்திரமாக வைத்தேன். நல்ல காரியம் செய்த நினைப்போடு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

விடுமுறைக்குக் கல்லூரியில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். ஃப்ரீசருக்குத் தனி லைன் உண்டு. ஃப்ரிட்ஜுக்குக் கிடையாது. அந்த ஞாபகம் எனக்கு வரவில்லை. எல்லாம் மனப்பாடம் என்று சொன்னேனே, அன்று அது மட்டும் வரவில்லை.

நாலு நாள் கழித்துக் காலையில் வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஐஸ் உருகி வழிந்து பெட்டி நனைந்திருந்தது. தரையைத் துடைத்தேன். பெட்டியைத் துடைத்தேன். காகிதம் மட்டும் சொதசொதவென்று இருந்தது. அதைப் பார்த்தால் ஏன் நனைந்தது என்று கேட்பார். எங்கே வைக்க வேண்டும் என்பதும் அதில்தான் எழுதியிருக்கும். காகிதத்தை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குப்பியைக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தேன்.

பத்து மணிக்கு அம்மா வந்தார். "வந்துருச்சுங்களா! ஃப்ரீசர்லதான வெச்சீங்க?"

"ஆமாங்க."

"உள்ள காகிதம் ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

இரண்டு பொய். முதல் பொய்தான் பெரிது என்று பதினாறு வருடம் நினைத்திருந்தேன்.

அந்த வாரமே சோதனை வைத்தார். முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு தாயாரின் ரத்தத்தில் கொஞ்சம், தன் ரத்தத்தில் கொஞ்சம். வசந்தி அப்போது மாணவி, கூடவே நின்றார். மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. பார்த்தால் முட்டைத் தட்டைச் சின்னதாகச் செய்த மாதிரி குழி குழியாக இருக்கும். கீழ்க் குழியில் கூப்பாட்டைக் கரைத்து ஊற்ற வேண்டும். மேலே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உள்ள ஒரு சவ்வு. அதன்மேல் அணுக்களை விட வேண்டும். கூப்பாடு கேட்டால் அணுக்கள் ஓட்டைக்குள் நுழைந்து கீழே இறங்கும். எத்தனை இறங்கின என்று எண்ணுவார்கள்.

அம்மா குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. "ஒரு உப்புத் துகளைப் பத்தா ஒடைச்சா அதுல ஒண்ணுதான் இருக்கும்" என்றார்.

"மேடம், காகிதம் இல்லியே. நெட்ல ஒருக்காப் பார்த்துக்கலாமுங்களா?" என்றார் வசந்தி.

"அணு காத்திருக்காது கண்ணு. எடுத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. கரைக்கத் தெரியாதா நமக்கு?" என்று சொல்லி மூடியைத் திருகி எடுத்து ஓரமாக வைத்தார். நீரை ஊற்றிக் கரைத்தார். அந்த மூடியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டவன் நான். மேசை எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு.

மத்தியானம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அம்மா எண்ணினார். மறுபடியும் எண்ணினார். வசந்தியை எண்ணச் சொன்னார். கூப்பாடு போட்ட குழியிலும் போடாத குழியிலும் ஒரே எண்ணிக்கை.

தலையை நிமிர்த்தாமலே பேசினார். "எங்கம்மா அணுவும் வரலை. சரி, அவங்களுக்குச் சக்கரை. என்னுதும் வரலைங்கண்ணா. நானும் செவிடா?" தட்டை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, "கூப்பாடு செத்துப்போச்சு" என்றார்.

செத்துப்போச்சு என்ற சொல் கேட்டதும் கரண்ட் இல்லாத அந்த நாலு நாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நான்தான் கொன்றேன் என்று தெரிந்துவிட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். திறந்தால் எழுத்துத் தெரியாதது வெளியே வரும். வேலை போகும். வீட்டில் கல்யாண வயதில் மகள் இருந்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

இன்னொரு பாட்டிலுக்கு நிர்வாகம் கையை விரித்துவிட்டது. பெங்களூர் இடம் வேறொருவருக்குப் போனது. கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறந்த வாரம், பாட்டில்களில் பழைய படங்கள் உரிந்துவிட்டன என்று அம்மா புதிதாக மயிலும் தேங்காயும் வரைந்து ஒட்டினார். மயிலின் முதுகுப் பக்கம் மை ஊறித் தெரிந்தது. அது ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கம் என்று வசந்திதான் பிறகு எனக்குச் சொன்னார். ஓய்வு பெறுகிறவரைக்கும் தினமும் காலையில் அந்த மயிலைத் துடைத்தேன்.

அடுத்த வருடத்தில் தாயாருக்கு முழங்காலுக்குக் கீழே முழுவதும் எடுத்தார்கள். அதற்கு அடுத்த வருடம் அவர் போய்விட்டார். இனி அம்மா வெளியூர் வேலைக்குப் போகலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். "எங்க போறதுங்க? வயசு தாண்டிருச்சு" என்றார். அவர் ஒரு நாளும் யார்மேலும் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் நின்று சேலம் போகிற பஸ்ஸைப் பார்ப்பார். ஹாரன் சத்தம் தேயும்வரை பார்த்துவிட்டு வந்து பாடத்தைத் தொடங்குவார். அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்து தாழ்ப்பாள் போட்டவன் நான் என்று எனக்கு மட்டும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

சோதனை நடந்து மூன்று வருடம் இருக்கும், அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. அவரிடம் படித்த எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். எந்தச் சின்னக் குப்பியைத் திறப்பதானாலும் முதலில் சுழற்றுகிற மெஷினில் வைத்து எடுப்பார். கரண்ட் இல்லாவிட்டால் குப்பியைக் கையில் இறுக்கிப் பிடித்து, தோளில் இருந்து கையை ஒரு வீச்சு வீசுவார். பிறகு மேசையில் மூன்று தட்டு. அதற்கப்புறம்தான் மூடியைத் தொடுவார். "மேடம் சாமி கும்பிட்டுத்தான் தொறப்பாங்க" என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். தட்டாமல் திறந்த பிள்ளைக்கு மட்டும் திட்டு விழும். அவர் திட்டியது அது ஒன்றுக்குத்தான். நானும் அது ஏதோ ராசி என்றே நினைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்று முட்டைக் கிடங்குக்குக் காவலுக்கு வந்தேன். அம்மாவுக்கும் தாயாரைப் போலவே சர்க்கரை வந்து, சிறுநீரகத்தைக் கெடுத்தது. வாரம் இரண்டு தடவை சேலத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. உடம்பு ரொம்ப இறங்கிவிட்டது என்று வசந்தி சொன்னபோதுதான், இனியும் மூடி வைத்தால் சரிப்படாது என்று தோன்றியது. என் வீட்டு டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு உறைக்குள் அந்தக் காகிதம் இருந்தது. எதற்காக வைத்திருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிழித்துப் போடவும் கை வரவில்லை, யாரிடமும் காட்டிப் படிக்கச் சொல்லவும் தைரியம் வரவில்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அதை அவர் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு.

சேலம் ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏனுங்கண்ணா, இந்த வெயில்ல வந்திருக்கீங்க? முட்டைக்கு யாரு காவல்?"

"முட்டை எங்கயும் போயிராதுங்க."

"போவுமுங்க. ஒரு நாளு கோழியாப் போவும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "அம்மா, அந்தப் பொங்கலப்ப வந்த பாட்டிலை நான் ஃப்ரீசர்ல வெக்கலீங்க. கீழ்த்தட்டுல வெச்சுப்போட்டேன். நாலு நாளு கரண்ட் இல்லாமக் கெடந்துச்சு. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க. உங்களை இந்த ஊர்ல அடைச்சு வெச்சது நாந்தானுங்க."

அம்மா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார்.

"இதுக்காங்கண்ணா? இதுக்காப் பதினாறு வருசமா என்ற மூஞ்சியைப் பார்க்காம மேசையைப் பார்த்தே பேசுனீங்க? அது பொடிங்கண்ணா. பொடியா இருக்கற வரைக்கும் வெளிய வெச்சாலும் சில வாரம் தாங்கும். நாலு நாளெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. தண்ணி ஊத்திக் கரைச்ச பொறவுதான் குளிரு கணக்கெல்லாம்."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"நான் பாடத்துல பொய் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. பதினாறு வருடப் பாரம் ஒரு நொடியில் இறங்கியது. அடுத்த நொடியே அம்மா மேலும் பேசினார்.

"தப்பு என்னுதுங்கண்ணா. பொடி எங்கயோ மேல மூடிக்குள்ள ஒட்டிட்டு இருந்திருக்கு. மெஷின்ல சுத்தி, தட்டிக் கீழ எறக்காமத் தொறந்துட்டேன். வெறும் குப்பியில தண்ணி ஊத்தியிருக்கேன். கூப்பாடு சாகலீங்க. மூடியோட குப்பைக்குப் போயிருச்சு. மூணு வருசம் கழிச்சு வேற ஒரு பாட்டில் காகிதத்துல படிச்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அந்தப் பாட்டிலுக்குக் காகிதம் வரலை. வரலைன்னா என்ன, நான் தேடிப் படிச்சிருக்கோணும். அவசரம். எங்கம்மா காலுக்கு நாந்தான் பதில் சொல்லோணும்."

காகிதம் வரலை.

என் கை சட்டைப் பைக்குப் போனது. உறை விரலில் பட்டது. எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதே, ஒருவேளை அதில் அந்தச் சேதி இல்லாமலும் இருக்கலாமே என்று மனசு ஒளிய ஒரு மூலை தேடியது. அதற்குள் நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது என்றார்.

"வாரேனுங்க அம்மா. அடுத்த வாரம் வாரேன்."

"வாங்கண்ணா. போன தடவையாட்ட நெய்யிக் கொண்டாந்துராதீங்க, டாக்டர் வையறாரு. இனிமே என்ற மூஞ்சியைப் பார்த்துப் பேசோணும், செரிங்களா?"

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். படித்துப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம், அடுத்த வாரம் வசந்தியிடம் காட்டிவிட்டு எடுத்துப் போகலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அந்தப் படம் வந்தது.

அன்றே சேலத்துக்குப் போனேன். முகத்தைப் பார்த்தேன். அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். மாலையில் எரியூட்டினார்கள். மறுநாள் காலை வசந்தி இந்த மலர் விஷயமாக வீட்டுக்கு வந்தபோது உறையைப் பிரித்துக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது. தண்ணீர்க் கறை இன்னும் இருந்தது.

"இதைப் படி சாமி. என்ன இருந்தாலும் மறைக்காமச் சொல்லு."

வசந்தி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"பொடியா இருக்கற வரைக்கும் சாதாரண வெப்பத்துல சில வாரம் கெடாதுன்னு போட்டிருக்குதுங்க."

"செரி. அம்மா சொன்னதுதான். அப்பறம்?"

"மூடியைத் தொறக்கறதுக்கு முன்னாடிச் சுத்தி எறக்கோணும்னு போட்டிருக்குது. பொடி மூடியில ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாதுன்னு." அவர் குரல் தணிந்துவிட்டது. "தடிச்ச எழுத்துலீங்க. மொத வரியே அதுதான்."

மொத வரி. அந்தக் காகிதத்தை மறைக்கக் காரணமாக இருந்த தப்பு, தப்பே இல்லை. மறைத்ததுதான் தப்பு. ஃப்ரிட்ஜில் நான் வைத்த குப்பி பிழைத்துக் கிடந்தது. என் சட்டைப் பைக்குள் போன ஒரு தாள்தான் அம்மாவின் கதவைப் பூட்டியது.

"இதையும் எழுதோணுமுங்களா?" என்று வசந்தி கேட்டார். "மலர்ல எல்லாரும் படிப்பாங்க. உங்க பேரு..."

"எழுது. அம்மா தன்ற தப்புன்னு நெனச்சுட்டே போயிட்டாங்க. அது அப்படியே நிக்கக் கூடாது."

ஆகவே, அம்மாவிடம் படித்தவர்களே, அம்மாவோடு வேலை பார்த்தவர்களே, கோமதி அம்மா அவசரப்பட்டுக் கோட்டை விட்டவர் இல்லை. காகிதம் கையில் இருந்திருந்தால் அவர் ஒரு வரி விடாமல் படித்திருப்பார். படிக்கத் தெரிந்தவருக்கு வந்த காகிதத்தைப் படிக்கத் தெரியாத நான் பதினாறு வருடம் வைத்திருந்தேன். இதைத் தெரிந்துகொண்டு அவரை நினையுங்கள்.

புதன்கிழமை காலை மோகனூர் காவிரியில் சாம்பல் கரைக்கப் போனோம். வெளியூரில் இருந்து வந்திருந்த அம்மாவின் தம்பி, வசந்தி, நான். மண் சட்டியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தம்பி முடிச்சில் கை வைத்தார்.

"ஒரு நிமிசம் சாமி. சட்டியை என்ற கையில குடுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கொடுத்தார். சட்டியை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் மெதுவாக மூன்று தட்டுத் தட்டினேன். வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று சொன்னேன். காகிதம் வந்திருந்தது, அம்மா. தப்பு உங்களுது இல்லீங்க. வாரேனுங்க.

தம்பி துணியை அவிழ்த்தார். அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரு துகளும் ஒட்டியிருக்கவில்லை. எல்லாம் அடியில் இறங்கியிருந்தது.